மண்மேட்டுக்குள் அடுக்கடுக்காய் ஊர்கள்

துருக்கியின் மேற்குக் கரையில் தொடங்கி சிரியா, லெபனான், இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று தெற்கே வந்தால், சமவெளியின் நடுவில் உச்சி தட்டையான குன்றுகள் அங்கங்கே எழுந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சாதாரணக் குன்றுதான். ஆனால் தோண்டினால் பாறை வராது. இடிந்த சுவர், சாம்பல், எலும்பு, பானை ஓடு, மிதித்து இறுகிய மண் என்று எல்லாமே மனிதர்கள் வாழ்ந்து விட்டுப்போன மிச்சம். அரபியிலும் ஹீப்ருவிலும் இவற்றை ‘தெல்’ என்கிறார்கள், துருக்கியில் ‘ஹோயுக்’. இங்கே தொல்மேடு என்று வைத்துக்கொள்வோம். ட்ராய், ஜெரிக்கோ, மெகிடோ, எப்லா, உகாரிட் ஆகிய எல்லாமே இப்படிப்பட்ட மேடுகள். கிழக்கு மத்திய தரைக்கடல் பகுதியின் பழைய வரலாற்றில் நாம் அறிந்ததில் பெரும்பங்கு இவற்றிலிருந்துதான் வந்தது.

ஒரு மேட்டைத் தொல்லியலாளர் எப்படிப் படிக்கிறார், ஒரு பொருள் கிடந்த இடத்தை ஏன் அந்தப் பொருளைவிடப் பெரிதாக மதிக்கிறார் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். இது பிடிபட்டால் அகழாய்வுச் செய்தி எதைப் படித்தாலும் தெளிவாகப் புரியும்.

மேடு எப்படி உயர்கிறது

இந்தப் பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளாக வீடு கட்டப் பயன்பட்டது பச்சைச் செங்கல். களிமண்ணோடு வைக்கோல் கலந்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்தால் போதும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். ஆனால் ஆயுள் குறைவு. ஆண்டுதோறும் சுவருக்கும் கூரைக்கும் மண் பூசிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் மழையில் கரையத் தொடங்கிவிடும். ஓரிரு தலைமுறைக்குள் வீடு தானாக இடியும், இல்லையென்றால் தீயிலோ நிலநடுக்கத்திலோ போரிலோ போகும். இடிந்த மண்ணை அள்ளி ஊருக்கு வெளியே கொட்ட யாரும் மெனக்கெடுவதில்லை. உதவும் கல்லையும் உத்தரத்தையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சமன்செய்து அதன் மேலேயே புது வீட்டைக் கட்டிவிடுவார்கள். தரைமட்டம் அந்த அளவுக்கு உயர்ந்துவிடும்.

நம் ஊர்த் தெருக்களில் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டு, கடைசியில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்துபோவதைப் பார்த்திருப்போம். அதையே ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு நீட்டிக்கொண்டால் ஒரு தொல்மேடு கிடைக்கும். ஜெரிக்கோவின் பழைய ஊரான தெல் எஸ்-சுல்தான் இப்படித்தான் சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 21 மீட்டர் உயர்ந்தது.

ஏன் திரும்பத் திரும்ப அதே இடம்? பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். சாக்கடலுக்குப் பக்கத்து வறண்ட பள்ளத்தாக்கில் தெல் எஸ்-சுல்தானின் காலடியிலேயே வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது. மெகிடோவுக்கு நீரோடு வழியும் சேர்ந்துகொண்டது. எகிப்திலிருந்து சிரியாவுக்குப் போகும் பழைய பாதை கார்மேல் மலைக் கணவாயைக் கடந்து சமவெளியில் இறங்கும் இடத்தில் அது இருக்கிறது. படையும் வணிகமும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். 20-க்கும் மேற்பட்ட அடுக்குகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. அதோடு, மேடு உயர உயர அந்த உயரமே ஊருக்குப் பாதுகாப்பாகவும் ஆகிவிடும்.

கீழே இருப்பது பழையது, ஆனால் எப்போதுமா?

படிந்த அடுக்குகளில் அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ இத்தாலியில் பாறைகளை ஆராய்ந்து 1669-ல் சொன்ன விதி இது. தொல்லியலும் இதன்மேல்தான் நிற்கிறது. குழந்தைக்கும் புரியும் விதிதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், மனிதர்கள் சும்மா இருப்பதில்லை, குழி தோண்டுகிறார்கள்.

கி.மு. 200 வாக்கில் ஏதோ ஒரு மேட்டின் உச்சியில் வாழ்ந்த ஒருவர் தானியம் கொட்டிவைக்க மூன்று மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளில் அது குப்பைக் குழியாகிறது. அவர் வீட்டு உடைந்த விளக்கு அதன் அடியில் போய் விழுகிறது. இப்போது அந்த விளக்கு கி.மு. 1200-ஐச் சேர்ந்த வீட்டுத் தரைக்குச் சமமான ஆழத்தில் கிடக்கிறது. ஆழத்தை மட்டும் அளந்து குறித்துக்கொண்டு தோண்டுபவர் இரண்டையும் ஒரே காலம் என்று எழுதிவிடுவார். ஆகவே ஆழம் முக்கியமில்லை, எந்த மண்ணில் கிடந்தது என்பதுதான் முக்கியம். குழிக்குள் நிரம்பிய மண் நிறத்தில் வேறுபடும், பெரும்பாலும் தளர்வாக இருக்கும், கரண்டியால் சுரண்டும்போது கைக்கே வித்தியாசம் தெரியும். தேர்ந்த ஆய்வாளர் குழியின் விளிம்பை முதலில் கண்டுபிடித்து, அதன் மண்ணைத் தனியாக வழித்தெடுத்து, அதில் வந்த ஓடுகளைத் தனிப் பையில் போட்ட பிறகுதான் சுற்றியுள்ள பழைய மண்ணைத் தொடுவார்.

எதிர்த்திசையிலும் கலப்பு நடக்கும். செங்கல் அடிக்க மேட்டின் பழைய மண்ணையே வெட்டி எடுத்தால், அதிலிருந்த ஆயிரமாண்டுப் பழைய ஓடுகள் புதுச் சுவருக்குள் ஏறிவிடும். அதனால் ஓர் அடுக்கில் பழைய பொருள் கிடைத்தது என்பது பெரிய சான்றாகாது. அதில் கிடைத்ததிலேயே மிகப் பிந்திய பொருள் எது என்று பார்க்க வேண்டும். அந்த அடுக்கு அதற்கு முன்பு உருவாகியிருக்க வழியில்லை.

இந்தக் குழப்பத்தில் ஆய்வாளருக்குக் கிடைக்கும் பெரிய வரம், உடையாத தரை. சுண்ணச்சாந்து பூசிய தரையோ, மண்ணை இறுக அடித்த தரையோ கிழிசல் இல்லாமல் முழுசாக இருந்தால், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அந்தத் தரை போடுவதற்கு முந்தையது என்று நம்பலாம். தரையின் மேல் நசுங்கிக் கிடக்கும் பானைகள் அந்த வீட்டின் கடைசி நாளைச் சேர்ந்தவை. ஆகவே இரண்டு தரைகளுக்கு நடுவில் அகப்பட்டது ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் அடைபட்டது. தீப்பிடித்து ஒரே நாளில் இடிந்த வீடு என்றால் இன்னும் நல்லது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது பெரும் துயரம். நமக்கோ அடுப்பு, குதிர், தறிக்கல் எல்லாம் இருந்த இடத்திலேயே கிடைக்கும்.

ஓடு காலம் சொல்லும் விதம்

அடுக்குகள் எது முந்தி, எது பிந்தி என்று மட்டும்தான் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. அதற்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி. 1890-ல் காசாவுக்கு வடகிழக்கே உள்ள தெல் எல்-ஹெசி என்ற மேட்டில் ஆறு வாரம் வேலை செய்தார். அங்கே ஓடை ஒன்று மேட்டின் ஒரு பக்கத்தை அரித்து, சுமார் 18 மீட்டர் உயரத்துக்கு உள் அடுக்குகளை வெட்டவெளியில் காட்டிக்கொண்டிருந்தது. பெட்ரி அந்தச் சரிவில் ஏறி, ஒவ்வொரு மட்டத்திலும் எந்த வகை ஓடு வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று குறித்தார். எகிப்தில் வேலை செய்தவர் என்பதால், அரசர் பெயரோடு கிடைத்த கல்லறைகளில் பார்த்திருந்த சில வெளிநாட்டுப் பானை வகைகளை அடையாளம் கண்டார். எகிப்திய அரசர்களின் காலம் ஏற்கெனவே ஓரளவு தெரியும் அல்லவா? அந்தக் காலத்தைப் பிடித்துக்கொண்டு மேட்டின் அடுக்குகளுக்குக் காலம் குறித்தார். அந்த மேடு எந்தப் பழைய ஊர் என்று அவர் சொன்னதை இன்று பலரும் ஏற்பதில்லை, ஆனால் முறை நிலைத்துவிட்டது.

ஏன் பானை ஓடு? தங்கத்தை உருக்குவார்கள், மரம் மட்கும், இரும்பு துருப்பிடிக்கும். பானை அடிக்கடி உடையும், உடைந்த ஓட்டை யாரும் திருடுவதில்லை, அது மட்குவதுமில்லை. மேலும், வடிவமும் பூச்சும் சில தலைமுறைக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. சைப்ரஸ் தீவில் செய்த ஒரு வகைக் கிண்ணத்தைத் தொல்லியலாளர் ‘பால் கிண்ணம்’ என்று அழைப்பார்கள். அரைக்கோள வடிவம், வெள்ளைப் பூச்சு, அதன்மேல் ஏணிப்படி போலக் கரும்பழுப்புக் கோடுகள், ஒரு பக்கம் கவட்டை வடிவக் கைப்பிடி. பெருவிரல் அளவு ஓடாக இருந்தாலும் அந்தக் கோட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இவை கி.மு. 1500-க்கும் 1200-க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் உகாரிட், மெகிடோ உட்படக் கரையோரம் எங்கும் கப்பலில் வந்து இறங்கின. கிரேக்கத்தின் மைசீனியப் பானைகளும் அதே காலத்தில் வந்தன. கி.மு. 1200-ஐ ஒட்டிப் பல நகரங்கள் எரிந்தன, கடல் வணிகம் குலைந்தது, இந்த இறக்குமதியும் நின்றது. அதற்கு மேலுள்ள அடுக்கில், விவிலியத்தில் வரும் பெலிஸ்தியர் என்ற மக்கள் வாழ்ந்த அஷ்கெலோன், எக்ரோன் போன்ற ஊர்களில், மைசீனியப் பாணியை உள்ளூர்க் களிமண்ணில் செய்த பானைகள் தலைகாட்டுகின்றன. கப்பலில் பானை வருவது போய், அந்தப் பானையைச் செய்யத் தெரிந்த ஆட்களே வந்துவிட்டார்கள் என்று இதிலிருந்துதான் ஊகிக்கிறார்கள். ஒரு சரிவில் இரண்டு அடுக்கு, அதற்குள் ஓர் உலகம் சரிந்து இன்னொன்று தொடங்கியிருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்போது கரிமக் காலக்கணிப்பும், அதாவது உயிர்ப்பொருளில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து காலம் கணிக்கும் முறையும், சேர்ந்துகொண்டது. அதற்கும் அடுக்கு தெளிவாக இருக்க வேண்டும். உத்தரக் கட்டையின் கரியை ஆய்வுக்கு அனுப்பினால் மரம் வளர்ந்த காலம் வரும், வீடு எரிந்த காலம் வராது. அந்தக் கட்டை முந்தைய வீட்டிலிருந்து பிடுங்கி வந்ததாகவும் இருக்கலாம். அதனால் ஒரே பருவத்தில் விளைந்த தானியம், ஒலிவக் கொட்டை போன்றவற்றையே தேடி எடுப்பார்கள்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்

ட்ராய்க்கு வருவோம். துருக்கியின் ஹிஸார்லிக் மேட்டில் ஹைன்ரிக் ஷ்லீமன் 1870-களின் தொடக்கத்தில் தோண்டினார். பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய ட்ராய் மிக அடியில்தான் இருக்கும் என்று முடிவுகட்டிக்கொண்டு, மேட்டின் குறுக்கே பெரும் பள்ளம் வெட்டினார். வழியில் வந்த சுவர்களை உடைத்துத் தள்ளினார். 1873-ல் தங்க நகைக் குவியல் கிடைத்ததும் அதை ட்ராய் அரசன் பிரியாமின் புதையல் என்று உலகுக்கு அறிவித்தார். அவர் இறந்த பிறகு வில்ஹெல்ம் டோர்ப்ஃபெல்ட் அடுக்குகளை ஒழுங்காக வகுத்து ஒன்பது ஊர்கள் என்று காட்டினார். புதையல் இரண்டாம் ஊரைச் சேர்ந்தது. ட்ராய்ப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு அது ஆயிரம் ஆண்டுக்கும் முந்தையது. போருக்குப் பொருந்தக்கூடிய காலத்து அடுக்குகள் ஆறாவதும் ஏழாவதும்தான். அவற்றின் நடுப்பகுதியைத்தான் அந்தப் பள்ளம் பெருமளவு தின்றுவிட்டது. முழுப்பழியும் அவருக்கே என்று சொல்லவும் முடியாது. பிற்காலத்தில் அத்தீனா கோயிலுக்காக உச்சியைச் சமன்செய்தவர்களும் நடு உச்சியைச் சீவித் தள்ளியிருந்தார்கள். நகைகளோ பெர்லினுக்குப் போய், இரண்டாம் உலகப் போர் முடிவில் மாஸ்கோவுக்குப் போய், இன்றும் அங்கேயே இருக்கின்றன.

அப்புறம் இன்னொரு பழக்கமும் நிறையக் கெடுத்தது. சுவர் ஒன்று தெரிந்ததும் அதன் பக்கவாட்டிலேயே பள்ளம் பறித்துக்கொண்டு போவார்கள். வரைபடம் வேகமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு சுவரின் காலத்தை அதைத் தொட்டு நிற்கும் அடுக்குகள்தான் சொல்லும். சுவரின் அடித்தளக் குழி எந்தத் தரையைக் கிழித்திருக்கிறதோ அது சுவருக்கு முந்தியது. எந்தத் தரை சுவரில் வந்து முட்டி நிற்கிறதோ அது பிந்தியது. சுவரை ஒட்டிப் பறித்தவர் அந்தத் தொடர்பை அறுத்துவிட்டார். சுவர் நிற்கும், அதன் காலம் போய்விடும்.

இதற்கு மருந்தாக வந்த முறைக்கு இரண்டு பெயர் சேர்த்துச் சொல்வார்கள், மார்ட்டிமர் வீலரும் கேத்லீன் கென்யனும். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கு நடுவில் தோண்டாத மண்வரப்பு விட்டுவைப்பார்கள். தோண்டத் தோண்ட அந்த வரப்பின் பக்கவாட்டு முகத்தில் எல்லா அடுக்கும் கோடுகோடாகத் தெரியும். ஒவ்வோர் அடுக்குக்கும் எண் கொடுத்துச் சீட்டு குத்திவைத்து, அந்த முகத்தை அளந்து வரைவார்கள். மண்ணை எடுத்த பிறகும் சாட்சி அங்கே நிற்கும்.

இந்த முறைக்கும் தமிழ் நிலத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்தபோது வீலர் 1945-ல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் தோண்டினார். காலம் தெரிந்த இத்தாலியச் சிவப்புப் பானைகளை அடுக்கோடு பிடித்து, அவற்றோடு கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்குக் காலம் குறித்தார். பால் கிண்ணம் மெகிடோவில் செய்யும் அதே வேலையை இத்தாலியக் கிண்ணம் இங்கே செய்தது. கிரேக்கத் தீவான கோஸின் மதுச் சாடி வகைகளும் அங்கே கிடைத்தவற்றில் உண்டு. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் ஆய்ந்து, வீலர் நினைத்ததைவிடத் துறைமுகம் பழையது என்று காட்டினார்கள். மீளாய்வு செய்ய முடிந்ததே அடுக்குகள் பதிவாகி இருந்ததால்தான்.

கென்யன் இங்கிலாந்தில் வீலரிடம் பழகிய முறையை 1952 முதல் 1958 வரை ஜெரிக்கோவில் கையாண்டார். அவருக்கு முன் 1930-களில் ஜான் கார்ஸ்டாங், அங்கே இடிந்து கிடந்த மதிலைக் காட்டி, விவிலியத்தில் யோசுவா காலத்தில் விழுந்த மதில் இதுதான் என்று கி.மு. 1400 வாக்கில் வைத்திருந்தார். கென்யன் அந்த மதிலைத் தொடும் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மதில் அதைவிடச் சுமார் ஆயிரம் ஆண்டு பழையது என்று தெரிந்தது. இன்னும் அடியில் போனபோது, கி.மு. 8000 வாக்கில் கட்டிய 8.5 மீட்டர் உயரக் கல்கோபுரம் வெளிப்பட்டது. உள்ளே 22 படிகளும் உண்டு. பானை செய்யவே தெரியாத காலத்து மக்கள் கட்டியது அது.

அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் போக மனமில்லை. 1953-ல் அகழாய்வுக் குழியின் பக்கச் சுவரில் மண்டையோடு ஒன்று துருத்திக்கொண்டு தெரிந்தது. எடுத்தால் பக்கச் சுவர் சிதையும், அதன் வரைபடம் கெடும். அதனால் கென்யன் பருவ முடிவு வரை அதைத் தொடவிடவில்லை. கடைசியில் எடுத்துப் பார்த்தால், சுண்ணச்சாந்தால் மூக்கும் கன்னமும் வார்த்து, கண்ணுக்குச் சிப்பி பதித்த மனித முகம். பின்னால் இன்னும் இருந்தன, மொத்தம் ஏழு. எல்லாம் வீட்டுத் தரைக்கு அடியில். தரைக்கு அடியில், வீட்டோடு சேர்த்து என்று உறுதியாகத் தெரிந்ததால்தான், இறந்த முன்னோரை வீட்டிலேயே வைத்துப் போற்றிய வழக்கம் என்று பேச முடிகிறது. அவற்றில் ஒன்று இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரே வகைப் பொருள், இரண்டு விதி

1887-ல் எகிப்தின் அமர்னாவில், வயலுக்கு எருவாகப் பழைய செங்கல் மண்ணை வெட்டிய உள்ளூர் மக்கள் கையில் களிமண் பலகைகள் அகப்பட்டன. மெகிடோ போன்ற ஊர்களின் சிற்றரசர்கள் எகிப்திய அரசருக்கு எழுதிய கடிதங்கள் அவற்றில் இருந்தன. விலைமதிப்பில்லாத சான்று. ஆனால் பலகைகள் வணிகர்கள் வழியே சிதறின, சில உடைந்தன. சில ஆண்டுகள் கழித்துப் பெட்ரி போய்க் கட்டடத்தை அடையாளம் கண்டார். எந்தக் கடிதம் எதன் பக்கத்தில் இருந்தது என்பதை மட்டும் இனி யாராலும் மீட்க முடியாது.

சிரியாவின் எப்லாவில் கதை வேறு. பாவோலோ மத்தியேவின் குழு 1975-ல் ஓர் அரண்மனை அறையைத் திறந்தபோது களிமண்ணில் ஆப்பு வடிவக் குறிகளால் எழுதிய ஆயிரக்கணக்கான ஆப்பெழுத்துப் பலகைகளும் துண்டுகளும் கிடைத்தன. கி.மு. 2300 வாக்கில் அரண்மனை எரிந்தபோது மர அலமாரித் தட்டுகள் கருகி, பலகைகள் இருந்த வரிசையிலேயே சரிந்து விழுந்திருந்தன. விழுந்த நிலையைப் பதிவுசெய்து எடுத்ததால், எந்தக் கணக்கு எந்தத் தட்டில் இருந்தது என்று அந்த ஆவண அறையை ஓரளவு திரும்பக் கட்டிப் பார்க்க முடிந்தது.

கிடந்த நிலையைத் தவறாகப் படிப்பதும் உண்டு. உகாரிட் அரண்மனையில் 1950-களில் கிடைத்த சில பலகைகளைச் சூளைக்குள் சுட வைத்தபோதே நகரம் வீழ்ந்தது என்று நீண்ட நாள் சொன்னார்கள். உருக்கமான காட்சி, பல நூல்களில் இடம்பெற்றது. பின்னர் பதிவுகளை மீண்டும் அலசியபோது, அவை மேல்மாடியிலிருந்து விழுந்தவை, சூளைக் கதை நிற்காது என்று தெரிந்தது. பழைய குறிப்பேடுகளும் வரைபடங்களும் இருந்ததால் திருத்த முடிந்தது.

திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்த பொருளுக்கு இந்த வாய்ப்பே இல்லை. சிரியப் போரின்போது எப்லா உட்படப் பல மேடுகளில் புதையல் தேடுவோர் குழி பறித்தார்கள். சந்தைக்கு வரும் ஒரு முத்திரையோ நகையோ அழகாக இருக்கலாம். ஆனால் அதை எடுக்க வெட்டிய குழியில் தரைகள் கிழிந்து, அடுக்குகள் கலந்து, சுற்றியிருந்த அத்தனையும் பேச்சிழந்துவிடும். வாங்குபவர் இருப்பதால்தான் வெட்டுபவரும் இருக்கிறார் என்பதை இந்த விஷயத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முறையான அகழாய்வும் அடுக்கை அழிக்கத்தான் செய்கிறது. எடுத்த மண்ணைத் திரும்ப அதே போல வைக்க முடியாது. மெகிடோவில் சிகாகோ பல்கலைக்கழகம் 1925-ல் தொடங்கியபோது, உச்சியிலிருந்து அடிவரை ஒவ்வோர் அடுக்காக முழு மேட்டையும் உரித்துவிடலாம் என்று திட்டமிட்டது. மேல் அடுக்குகளை அப்படியே அகற்றியும் விட்டது. வேலையின் அளவும் செலவும் புரிந்த பிறகுதான் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அந்த அடுக்குகளில் ஒலிவக் கொட்டை தேட வேண்டுமானால், அவர்கள் தொடாமல் விட்ட மூலைகளுக்குத்தான் போக வேண்டும். டெல் அவிவ் பல்கலைக்கழகக் குழு 1994 முதல் அங்கே வேலை செய்கிறது. அங்குள்ள பெரிய கட்டடங்கள் கி.மு. பத்தாம் நூற்றாண்டா, ஒன்பதாம் நூற்றாண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

அதனால் இப்போதெல்லாம் மேட்டின் ஒரு பகுதியை மட்டும் தோண்டி, மற்றதை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த தெல் எஸ்-சுல்தானிலும் நிறைய இடம் இன்னும் கைபடாமல் இருக்கிறது. 1997 முதல் ரோமின் சபியென்ஸா பல்கலைக்கழகமும் பாலஸ்தீனத் தொல்லியல் துறையும் சேர்ந்து அங்கே ஆய்வு நடத்துகின்றன. கென்யன் வெட்டிய நீண்ட பள்ளமும், அதன் அடியில் அந்தக் கல்கோபுரமும், அடுக்குகள் தெரியும் பக்கச் சுவர்களும் அங்கே பார்வைக்குத் திறந்தே இருக்கின்றன.